அப்பா இல்லாத வீட்டில் 15 வயது

என் அண்ணன் மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு 46 வயது. அவர் மகனுக்கு 15. முன்னறிகுறி என்று எதுவும் இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனவர் மதியம் இல்லை. அண்ணி, அந்தப் பையன், ஐந்தாவது படிக்கும் அவன் தங்கை என்று மூன்று பேர் மிஞ்சினார்கள். தங்கையைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், சின்னக் குழந்தைகளின் துக்கம் வேறு மாதிரி. இங்கே அவனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் அவனைக் குழந்தையாக்கினார்கள். அவன் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். "பையன் இருக்கான், அப்புறம் பேசலாம்" என்று கண்ஜாடை காட்டுவார்கள். மீதிப் பேர் ஒரே நாளில் அவனைக் குடும்பத் தலைவனாக்கினார்கள். தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ அழக்கூடாதுப்பா, இனிமே அம்மாவையும் தங்கச்சியையும் நீதான் பாத்துக்கணும்" என்றார்கள். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் 15 வயதுப் பையனாக இருப்பதற்கு அவனுக்கு அங்கே யாரும் இடம் விடவில்லை.

அம்மாவையோ அப்பாவையோ இழந்த பிள்ளைக்குப் பெரியவர்கள் செய்யக்கூடிய முக்கியமான காரியம், அவனை அவன் வயதிலேயே இருக்கவிடுவதுதான். மூன்று வருடமாக அவன் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது. கேட்க எளிதாக இருக்கிறது. வீட்டில் நடத்திக்காட்டுவது எளிதாக இல்லை.

அவனிடம் செய்தியைச் சொன்னது நான்தான். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வா, வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வழியெல்லாம் நம்பிக்கையோடு வந்து, வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து அவன் தானே தெரிந்துகொள்வதா? பள்ளி அலுவலகத்தில் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, கதவைச் சாத்தி, பக்கத்தில் உட்கார்ந்தேன். "கண்ணா, ரொம்ப மோசமான செய்தி ஒண்ணு சொல்லணும். அப்பாவுக்கு மாரடைப்பு வந்துச்சு. டாக்டருங்க எவ்வளவோ பாத்தாங்க. அப்பா இறந்துட்டார்." இறந்துட்டார் என்றே சொல்ல வேண்டும். நம்மை விட்டுப் போயிட்டார், கண்ணை மூடிட்டார் என்றெல்லாம் சுற்றி வளைத்தால், அந்த அதிர்ச்சியில் பிள்ளையின் மனம் எங்கேயாவது ஒரு சந்து கிடைக்குமா என்று தேடும்.

அவன் முதலில் கேட்டது, "யார் பாத்தாங்க?" அப்புறம், "வலிச்சிருக்குமா?" தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்கு, "எனக்குத் தெரியல, டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன், கேட்டும் சொன்னேன். அதே கேள்விகளை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டான். புரியாமல் கேட்கவில்லை. நம்ப முடியாத ஒன்றைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். இந்த வயதுப் பிள்ளைகள் எப்படியும் கைபேசியில் எல்லாவற்றையும் தேடிப் படித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் நம் வாயால் கேட்டிருப்பது நல்லது. விபத்தோ தற்கொலையோ காரணமாக இருந்தாலும் இதேதான். விவரங்களைக் கோரமாக விவரிக்க வேண்டாம். ஆனால் பொய் சொல்லக்கூடாது. என்றைக்காவது யாராவது சொல்லிவிடுவார்கள். அப்போது இறந்தவரோடு சேர்த்து உயிரோடு இருப்பவர்கள் மேலும் நம்பிக்கை போய்விடும்.

இறுதிச் சடங்குக்கு முன்னால் அங்கே என்னென்ன நடக்கும், என்ன பார்க்க வேண்டியிருக்கும் என்று அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னோம். எதில் கலந்துகொள்வது, எதில் ஒதுங்கி நிற்பது என்று அவனே முடிவு செய்யலாம், கடைசி நிமிடத்தில் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம் என்றோம். என் கணவருக்கு அன்று முழுக்க ஒரே வேலை, அவன் கூடவே நிற்பது. இப்படி ஒருவரை ஒதுக்கிவைப்பது ரொம்ப உதவியது. கூட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் கவனிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகளை யாருமே கவனிப்பதில்லை.

அப்புறம் அந்தக் கைபேசி விவகாரம். அண்ணனுடைய போனின் பூட்டு எண் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் உயிரோடு இருக்கும்போதும் எதையாவது சரிசெய்ய அவனிடம்தான் கொடுப்பார். அதனால் வங்கி, காப்பீடு, மின் கட்டணம், அலுவலகக் கணக்கு என்று எல்லாம் அவன் கைக்கு வந்துவிட்டது. "டேய், ஓடிபி வந்திருக்கா பாரு", "அப்பா மெயில்ல ஒரு கடிதம் வந்திருக்கும், எடுத்து அனுப்பு" என்று பெரியவர்கள் ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். படிக்கும் நேரத்திலும் கூப்பிடுவார்கள், படுத்த பிறகும் கூப்பிடுவார்கள். அவன் சலிக்காமல் செய்தான். "எவ்வளவு பொறுப்பான பிள்ளை" என்று பாராட்டினார்கள். யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அவன் அப்பாவின் போனைத் திறந்து, அப்பாவின் படத்தைக் கடந்து போய், அப்பா இல்லை என்பதற்கான ஒரு காகிதத்தை அனுப்பிக்கொண்டிருந்தான்.

ஒரு சாயங்காலம் அவனும் நானும் உட்கார்ந்தோம். தேவையான எண்கள், கணக்குகள் எல்லாவற்றையும் அவன் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். இனி இந்த வேலைகளுக்கு என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் தகவல் அனுப்பினேன். அவனிடம், "இதுல உனக்குன்னு ஏதாவது வச்சுக்கணுமா?" என்று கேட்டேன். "போட்டோவெல்லாம் நான் பாத்துக்கறேன் அத்தை" என்றான். சரி என்றேன். வீட்டில் அவனுக்கு வேலை இருக்கலாம், இருக்கவும் வேண்டும். தான் உபயோகமாக இருக்கிறோம் என்ற எண்ணம் அவனுக்குத் தெம்பு தரும். தண்ணீர் பிடித்து வைப்பது, தங்கையைப் பள்ளியில் விடுவது எல்லாம் அவன் வயதுக்குத் தாங்கும். அப்பாவின் இடத்தை நிரப்பச் சொல்வது தாங்காது. பணக் கவலையை ராத்திரி அவனிடம் கொட்டுவதும் தாங்காது. அண்ணி அவன் எதிரில் அழுதால் தவறே இல்லை. அம்மாவும் அழுகிறாள், அப்புறம் எழுந்து முகம் கழுவுகிறாள் என்று பார்ப்பது அவனுக்கும் வழி காட்டும். ஆனால் "இனி எப்படிச் சமாளிக்கப் போறோமோ" என்ற பேச்சுக்கு அண்ணிக்குப் பெரியவர் ஒருவரின் காது வேண்டும். அந்தக் காதாக நான் இருந்தேன். உறவுக்காரர்கள் பிள்ளைக்கு நேரடியாகச் செய்வதைவிட, மிஞ்சியிருக்கும் அம்மாவையோ அப்பாவையோ தாங்கிப் பிடிப்பது பல நேரம் பெரிய உதவி.

இதை என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் ஃபிலிஸ் சில்வர்மன், வில்லியம் வொர்டன் என்ற ஆய்வாளர்கள் 6 முதல் 17 வயது வரையிலான 125 பிள்ளைகளை, 70 குடும்பங்களில், பெற்றோரில் ஒருவர் இறந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உயிரோடு இருக்கும் பெற்றோர் எப்படி நிலைகொள்கிறார் என்பதுதான் பிள்ளை தேறுவதை மிகவும் தீர்மானிக்கிறது என்று அவர்கள் கண்டார்கள்.

இறுதிச் சடங்கு முடிந்த சில நாட்களிலேயே அவன் பந்து விளையாடப் போய்விட்டான். உறவில் முணுமுணுப்பு. "அப்பா போன துக்கமே இல்லையே" என்று ஒருவர் அவன் காதுபடவே சொன்னார். அன்றைக்கு விளையாடிவிட்டு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் உள்ளேயே இருந்தான். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் சாப்பிடக் கூப்பிட்டேன், வந்து சாப்பிட்டான்.

நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் எழுதியதைப் படித்தபோது எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது. துக்கத்தில் இருப்பவர்கள் இழப்பின் பக்கமும், தொடர்ந்து வாழ வேண்டிய வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார்கள். தேறுவதற்கு இரண்டுமே வேண்டும் என்கிறார்கள். வளரிளம் பிள்ளைகளிடம் இந்தப் போக்குவரத்து மிக வேகமாக நடக்கிறது. காலையில் சிரிப்பு, மதியம் கதவை அறைந்து சாத்துவது, ராத்திரி போனில் நண்பர்களோடு விளையாட்டு. சிரிக்கும்போது மறந்துவிட்டான் என்றும், கோபப்படும்போது கெட்டுப்போகிறான் என்றும் முடிவுகட்டக்கூடாது.

படித்தவர்கள் சிலர் என்னிடம், "இப்ப எந்தக் கட்டத்துல இருக்கான்? கோபமா, ஏத்துக்கிட்டானா?" என்று கேட்பார்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து கட்டங்களை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதினார். சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி எழுதியது அது. அப்பாவை இழந்த பையன் வரிசையாக எழுத வேண்டிய தேர்வாக அதைப் பிடித்துக்கொண்டு அவனை அளக்க வேண்டாம்.

இந்த வயதின் துக்கத்தில் தனியாகப் பேச வேண்டிய ஒன்று உண்டு. 15, 16 வயது என்பது அப்பா அம்மாவோடு முட்டிக்கொள்ளும் வயது. பிள்ளை விலகிப் போய்த் தன் காலில் நிற்கப் பார்ப்பான், பெற்றோர் இழுத்துப் பிடிப்பார்கள். சாதாரணமாக இந்தச் சண்டை நாலைந்து வருடத்தில் தானாக ஓய்ந்துவிடும். நடுவில் சாவு வந்துவிட்டால் சண்டை அப்படியே நின்றுபோகிறது, சமாதானம் ஆவதற்கு ஆள் இல்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு ராத்திரி. அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான், நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே சொன்னான்: "அத்தை, முந்தின நாள் ராத்திரி அப்பாகிட்ட கத்திட்டேன். உங்களுக்கு ஒண்ணும் புரியாதுன்னு. காலைல அவர் கிளம்பும்போது தூங்கற மாதிரி படுத்துக்கிட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வரும். அப்படிச் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும், அந்தப் பாரம் அவனிடமே தங்கிவிடும். "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன்.

"கதவுகிட்ட வந்து நின்னார். எனக்குத் தெரிஞ்சுது. கண்ணைத் திறக்கல."

அவன் அதே தட்டைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தான். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு வருஷக்கணக்கில் சேர்வது, ஒரு ராத்திரிச் சண்டையில் வருவதில்லை, வேண்டுமானால் நீயே டாக்டரிடம் கேள் என்றேன். இரண்டாவது, "உங்கப்பா 16 வயசுல தாத்தாகிட்ட ரெண்டு மாசம் முகம் குடுத்துப் பேசல, தெரியுமா? முடி வெட்டமாட்டேன்னு ஆரம்பிச்ச சண்டை. அதுக்காக தாத்தா மேல பாசம் இல்லாமப் போச்சா? அன்னிக்குக் கதவுகிட்ட நின்னப்ப உங்கப்பாவுக்கு அது ஞாபகம் வந்திருக்கும்னு எனக்குத் தோணுது. நிச்சயமா தெரியாது. ஆனா எனக்கு என் அண்ணனைத் தெரியும்."

அவன் அப்போதுதான் திரும்பினான். "அப்பாவா? ரெண்டு மாசமா?" என்றான். அந்தக் கதை முழுவதையும் கேட்டான். அதற்குப் பிறகு அடிக்கடி அப்பாவின் பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தான். அத்தை, சித்தப்பா, பழைய நண்பர்கள் ஆகியோரால் மட்டும் கொடுக்க முடிந்த விஷயம் இது. இறந்தவர் இந்தப் பிள்ளையின் வயதில் எப்படி இருந்தார் என்று சொல்லுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்ல வேண்டாம். பிடிவாதம், முன்கோபம், தோற்ற தேர்வு எல்லாவற்றையும் சொல்லுங்கள். இறந்தவரைத் தெய்வமாக்கிவிட்டால் அவரோடு சண்டை போட்ட பிள்ளை தன்னைப் பாவியாகத்தான் நினைத்துக்கொள்வான். இறந்தவரோடு உள்ள உறவை வெட்டிக்கொண்டால்தான் தேற முடியும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 1990களில் இருந்து ஆய்வாளர்கள் பலர், அந்த உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பு, பல பிள்ளைகளுக்கு அது துணை என்று சொல்லிவருகிறார்கள்.

அந்தக் குற்ற உணர்ச்சி ஒரு பேச்சில் தீர்ந்துவிடவில்லை. "நான் முழிச்சிருந்தா மூஞ்சியப் பாத்து ஏதாவது தெரிஞ்சிருக்குமோ" என்று வேறு உருவத்தில் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் அதே பதிலை, அதே பொறுமையோடு சொல்ல வேண்டியிருந்தது. அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறாயா, யாரிடமும் காட்ட வேண்டாம் என்றேன். எழுதினானா என்று இதுவரை கேட்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள், இதெல்லாம் பாத்திரம் கழுவும்போது நடந்தது. "வா, உக்காரு, மனசு விட்டுப் பேசு" என்று எதிரில் உட்காரவைத்துக் கேட்டபோதெல்லாம் அவன் "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பதோடு முடித்துக்கொண்டான். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஏதாவது வேலை செய்யும்போது, நடந்து போகும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது பேச்சு தானாக வந்தது. முகம் பார்க்க வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், அந்தச் சௌகரியம் அவர்களுக்கு வேண்டும். "எப்படி இருக்கே?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "இன்னிக்கு அப்பா ஞாபகம் வந்துச்சாடா? எனக்குக் காலைல வந்துச்சு" என்று நாமே தொடங்கிவைத்தால், சேர்ந்துகொள்வதா வேண்டாமா என்பதை அவன் பார்த்துக்கொள்வான்.

உடம்பும் துக்கப்படும். தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை எல்லாம் வந்தன. அதைவிட, ராத்திரியில் அவன் தன் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருப்பதை அவன் தங்கைதான் பார்த்துச் சொன்னாள். படியேறினால் நெஞ்சு வலிக்கிறது என்றான். பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கிறான் என்று சிலர் நினைத்தார்கள். அவன் பயத்தில் நியாயம் இருந்தது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65க்கு முன் இதய நோய் வந்திருந்தால் அதை மருத்துவர்கள் பரம்பரை அபாயமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இளம் வயதில் திடீர் மரணம் என்றால் பிள்ளைகளையும் ஒரு முறை பரிசோதிக்கச் சொல்வதும் உண்டு.

இதயநோய் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அந்த மருத்துவர் எங்களைப் பார்த்துப் பேசாமல் அவனைப் பார்த்துப் பேசினார். அதற்கே நான் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுத்தார்கள். ஒரு தாளில் இதயத்தைப் படம் வரைந்து, உங்க அப்பாவுக்கு அடைப்பு வந்த இடம் இது, உன் இதயம் இப்போது நன்றாக இருக்கிறது, புகைக்காதே, உடம்பை அசைத்துக்கொண்டே இரு, பெரியவனானதும் ரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்த்துக்கொள் என்று சொன்னார். அவன் அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டான். நாடி பார்ப்பது உடனே நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்தது. தூக்கத்துக்கு நாங்கள் செய்தது சாதாரணம்தான். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள். அது கிடைக்காவிட்டாலும் படுக்கும் நேரம் ஒன்றாக இருக்கட்டும் என்று பிடிவாதமாக இருந்தோம். பயமாக இருந்த நாட்களில் கூடத்தில் படுத்துக்கொள்ள விட்டோம்.

பள்ளி விஷயத்தில் அவனைக் கேட்காமல் எதுவும் செய்யவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் தெரிய வேண்டுமா, யார் சொல்வது, வகுப்பில் தாங்க முடியாமல் போனால் யாரிடம் போவது என்று மூன்றையும் அவனே தீர்மானித்தான். வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும் ஒரு ஏற்பாடு: மேசை மேல் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனால் கேள்வி கேட்க மாட்டார். ஓரிரு முறைதான் பயன்படுத்தினான். அந்த வழி திறந்திருக்கிறது என்பதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. மதிப்பெண் இறங்கும். துக்கம் கவனத்தைத் தின்றுவிடும், படித்ததையே திரும்பப் படிக்க வைக்கும். ஒரு வருடத்துக்கு அதை எதிர்பார்த்துக்கொள்வது நல்லது. "அப்பா ஆசைக்காகவாவது நல்லாப் படி" என்ற வாக்கியத்தை மட்டும் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

கைபேசி பற்றி இன்னொன்று, இது பலருக்கும் தோன்றாதது. பிள்ளைகள் இறந்தவரின் எண்ணுக்குத் தொடர்ந்து செய்தி அனுப்புவார்கள். அவனும் அனுப்பினான். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பயன்படுத்தாத எண்ணை நிறுவனங்கள் ஒரு கட்டத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்பாவின் எண்ணிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் "யார் நீங்க?" என்று பதில் அனுப்பினால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? வாட்ஸ்அப் கணக்கும் 120 நாட்கள் பயன்படுத்தாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். ஆகவே அவசரப்பட்டு இணைப்பைத் துண்டிக்காதீர்கள். முடிந்தவரை எண்ணை உயிரோடு வைத்திருங்கள். குரல் பதிவுகள், படங்கள், பழைய உரையாடல்கள் எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள். குரல்தான் முதலில் மறக்கும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். எண்ணை விடப்போகும் நாள் வந்தால் அவனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உடைகள், சாமான்கள் விஷயத்திலும் அப்படித்தான். அவன் பார்க்காமல் எதையும் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அண்ணனின் கைக்கடிகாரம், ஒரு பழைய ஸ்வெட்டர் இரண்டையும் அவன் எடுத்துக்கொண்டான். நாங்கள் அவனுக்காக எடுத்து வைத்திருந்தது வேறு.

நண்பர்கள் முதல் மாதம் சூழ்ந்து நின்றார்கள், பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல் நழுவினார்கள். அவர்களும் அதே வயதுப் பிள்ளைகள்தானே. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1982இல் தொடங்கிய டகி மையம், இப்படி இழந்த பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதைப் பின்பற்றி பல இடங்களில் குழுக்கள் நடக்கின்றன. உங்கள் பக்கத்தில் இருந்தால் ஒரு முறை கூட்டிப்போய்க் காட்டுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. பள்ளிப் பருவத்தில் அம்மாவை இழந்த, இப்போது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தினேன். முதல் சந்திப்பில் இரண்டு பேரும் போன் விளையாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். திரும்பி வரும்போது, "அந்த அக்காகிட்ட எதையும் விளக்க வேண்டியதில்ல அத்தை" என்றான்.

கட்டுப்பாடு விஷயத்தில் எனக்கும் அண்ணிக்கும் நிறையப் பேச்சு நடந்தது. பாவம், அப்பா இல்லாத பிள்ளை என்று எல்லாவற்றையும் விட்டுவிடத் தோன்றும். ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும், தங்கையை அடிக்கக்கூடாது, எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்ற விதிகள் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். எல்லாமே கலைந்துபோன வீட்டில் மாறாத சில விஷயங்கள் பிள்ளைக்குத் தைரியம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஐர்வின் சாண்ட்லர் குழுவினர் துணையை இழந்த பெற்றோருக்கு ஒரு பயிற்சித் திட்டம் நடத்தினார்கள். அதில் சொல்லிக்கொடுத்ததும் இதுதான்: பாசத்தோடு நேரம் ஒதுக்குவது, காது கொடுத்துக் கேட்பது, விதிகளை ஒரே சீராக வைத்திருப்பது. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் அதன் பலன் தெரிந்தது. அண்ணி ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு மட்டும் அரை மணி நேரம் நடந்துவிட்டு வருவார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை.

எப்போது மருத்துவ உதவி தேவை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "அப்பாவைப் பாக்கணும் போல இருக்கு" என்பது ஏக்கம். "நானும் செத்துட்டா நல்லாருக்கும்" என்பதைக் கேட்டால் பேச்சை மாற்றாமல், நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, இது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். யாரோ கேட்டார்களே என்று பிள்ளைக்கு மூச்சு வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சி மருந்து, கூர்மையான பொருட்கள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள் அல்லது உங்கள் நாட்டின் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். உடம்பைக் கிழித்துக்கொள்வது, குடி, போதை, பிரியமான பொருட்களை எடுத்துக் கொடுத்துவிடுவது, வாரக்கணக்கில் குளிக்காமல் சாப்பிடாமல் கிடப்பது, நண்பர்கள் எல்லோரையும் ஒதுக்குவது ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. இவ்வளவு மோசமாக இல்லாவிட்டாலும், ஆறு மாதங்களுக்கு மேல் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கிப்போட்டால், அதை இன்று மருத்துவ உலகம் நீடித்த துக்கக் கோளாறு என்று அங்கீகரித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11இல் அது இருக்கிறது. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரிடம் போவதைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று தயங்க வேண்டாம். இதயத்துக்கு மருத்துவரிடம் போகவில்லையா?

முதல் வருடம் முடிந்ததும் எல்லோரும் நிம்மதியாகக் கலைந்துபோவார்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது வருடம்தான் கடினமாக இருந்தது. பாஸ்டன் ஆய்விலும் சில பிள்ளைகளின் சிரமம் முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டில்தான் வெளியே தெரிந்தது. அதிர்ச்சி விலகி, அப்பா நிஜமாகவே வரப்போவதில்லை என்று உறைப்பது அப்போதுதான். எரிச்சல் கூடியது, தங்கையிடம் வள்ளென்று விழுந்தான். கேட்க ஆளும் குறைந்துபோயிருந்தது. அதனால் நான் என் போன் காலண்டரில் சில தேதிகளைப் போட்டு வைத்திருக்கிறேன்: அண்ணன் இறந்த நாள், அண்ணனின் பிறந்தநாள், அவன் பிறந்தநாள், தேர்வு முடிவு வரும் நாள். நல்ல செய்தி வரும் நாட்களில்தான் அப்பா இல்லாதது அதிகம் குத்தும் என்பதை அவனிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது அவனுக்கு 18. படிப்புக்காக வேறு ஊர் போகிறான். "அம்மாவைத் தனியா விட்டுட்டுப் போறதா?" என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தான். அண்ணி அவனை உட்காரவைத்து, தன் வேலை, வீட்டுச் செலவுக் கணக்கு, தங்கையின் பள்ளி, நான் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறேன் என்பது வரை எல்லாவற்றையும் காட்டி, "இதுல உன்னால நிக்கறது எதுவும் இல்லடா, போய்ட்டு வா" என்றார். போகும் இடத்தில் அப்பாவைப் பற்றி யாரிடம் சொல்வது என்று என்னிடம் பேசினான். அறையில் கூட இருக்கும் பையனிடமும் ஓர் ஆசிரியரிடமும் முதலிலேயே சொல்லிவிடப் போகிறானாம். மற்றவர்கள் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறான். அதைச் சொல்லிக் காட்டினான், நன்றாகத்தான் இருந்தது. அங்கே மாணவர்களுக்கு ஆலோசகர் யாராவது இருக்கிறாரா, எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று நாளை இருவருமாகப் போன் செய்து கேட்கப் போகிறோம்.